இருபத்தேழாம் வீடு

நெடுங்கரட்டில் எட்டாம் வகுப்புத் தேறிய முதல் ஆள் நல்லகாமன். எழுமலைச் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி, அறுபத்து மூன்று வீடுகளும் ஒரு படிக்கிணறும் ஒரு பள்ளிக்கூடமும் உள்ள ஊர் அது. என் தாயார் சோலையம்மாள் அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவர். இங்கே சொல்வதில் ஒரு பகுதி அவர் கண்ணால் பார்த்தது. மற்றதை நல்லகாமனே என்னிடம் சொன்னார், பல வருஷங்கள் கழித்து, மதுரையில் ஒரு மரக்கடையில் குமாஸ்தாவாக இருந்தபோது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒரு வார்த்தைகூடச் சேர்த்துச் சொன்னதில்லை.

1931-ல் அவருக்கு இருபத்து நான்கு வயது. சமயநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். பிள்ளைகளின் பல்லையும் சிரங்கையும் சோதிக்க வந்த டாக்டர் லூர்துராஜ், பிள்ளைகளைவிட வருகைப் பதிவேட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பது ஓரத்தில் பொடியாகக் குறித்திருந்தது. காய்ச்சல். ஆடு மேய்க்க. சிலந்தி.

"சிலந்தி என்று எழுதியிருப்பது நரம்புச் சிலந்தியா?" என்று கேட்டார்.

"ஆமா சார். கால்ல கொப்புளம் வந்து, வெள்ளை நூலு மாதிரி புழு தலையை நீட்டும். ரெண்டு மூணு மாசம் நடக்க முடியாது. எங்க ஊருல இதவிட ஜாஸ்தி."

"உன் ஊர் எது?"

சொன்னார். டாக்டர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஒரு மாதத்தில் நல்லகாமன் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு டாக்டரின் ஆராய்ச்சிக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

கடல் கடந்த ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் அந்த ஆராய்ச்சியை நடத்தச் சொல்லியிருந்தது. புழு எப்படி வருகிறது என்பது டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அது வீட்டுக்குப் போய், ஊருக்குப் போய், நோயைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி. டாக்டர் முதல் நாளே நல்லகாமனைப் பூதக்கண்ணாடிக் கருவியின் முன்னால் உட்கார வைத்தார். ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று துள்ளித் துள்ளி நீந்தியது. அதன் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்தது புழுவின் குஞ்சு.

"கால் எரிச்சல் தாங்காமல் ஜனங்கள் கிணற்றில் இறங்கிக் காலை நனைக்கிறார்கள். அப்போது புழு குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறது. அதை இந்தப் பூச்சி தின்கிறது. பூச்சியை மனுஷன் குடிக்கிறான். சரியாக ஒரு வருஷம் கழித்து அவன் காலில் புழு தலை நீட்டுகிறது" என்றார் டாக்டர்.

"இதுக்கு மருந்து சார்?"

"மருந்து இல்லை. வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டிக் குடித்தால் போதும். பூச்சி துணியில் தங்கிவிடும்."

நல்லகாமன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபத்து நான்கு வருஷம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருந்தார். அவர் அப்பா இரண்டு கணுக்காலும் மடங்காமல், கம்பு ஊன்றி நடந்தே செத்தவர். மடித்த வேட்டித் துண்டு ஒன்று போதுமாக இருந்திருக்கிறது.

ஆராய்ச்சிக்கு இரண்டு ஊர்கள். ஆவரங்குளத்தில் எல்லாம் சொல்லித்தர வேண்டும். பள்ளிக்கூடத்து ஜன்னல்களைச் சாக்கால் மறைத்துப் படவிளக்கில் புழுவைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு முழம் துணி கொடுத்து, மடித்து, குடத்து வாயில் கட்டப் பழக்க வேண்டும். இன்னொரு ஊரில் எதுவும் சொல்லக் கூடாது. வருஷா வருஷம் பங்குனி, சித்திரையில் போய், வீடு வீடாக, கால் காலாகப் பார்த்து, எண்ணிக்கொண்டு வர வேண்டும். அந்த இன்னொரு ஊர் நெடுங்கரடு.

"அது எங்க ஊரு சார்" என்றார் நல்லகாமன்.

"அதனால்தான் உன்னை எடுத்தேன். அன்னியனுக்குக் காலைக் காட்ட மாட்டார்கள்."

"ஒரு வார்த்தை சொன்னா என்ன சார்?"

டாக்டர் கோபப்படவில்லை. அவர் மரியாதையான மனிதர், குமாஸ்தாவுக்கும் நாற்காலி போடுபவர். "சொன்னால் இரண்டு ஊரிலும் நோய் குறையும். மழை நன்றாகப் பெய்ததால் குறைந்தது என்று மேலே உள்ளவர்கள் சொல்வார்கள். சொல்லாத ஊர் ஒன்று பக்கத்திலேயே இருந்தால்தான் வாயடைக்க முடியும். நாலு வருஷம் பொறுத்துக்கொள். இந்தப் பட்டியலை வைத்து நாற்பது ஊர்க் கிணறுகளின் படியை மூட வைக்கிறேன். உன் ஊர்தான் முதலில்."

நாற்பது ஊர் என்பது பெரிய விஷயம்தான். நல்லகாமன் சரி என்றார்.

1932 மாசியில் வேலை தொடங்கியது. ஆவரங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்தான் பாடம் நடத்தினார். படவிளக்கு வெளிச்சத்தில் புழு சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரிந்ததும் பிள்ளைகள் அலறி வெளியே ஓடினார்கள். மறுநாள் தாய்மாரையும் கூட்டி வந்தார்கள். அங்கிருந்து ஏழு மைல் நடந்து நெடுங்கரட்டுக்குப் போனால், அங்கே அவர் வாயைத் திறக்கக் கூடாது. கையில் நோட்டும் பென்சிலும் மட்டும்.

அந்த முதல் சுற்றில் இருபத்தேழாம் எண் போட்ட வீடு அவருடைய அக்கா அன்னக்கொடியின் வீடு. மச்சான் பேயாண்டி சொந்தமாக ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் உழுபவர். மகள் அழகம்மாளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் போன ஐந்து பெண்பிள்ளைகளில் ஒருத்தி. அவள் காலைப் பார்த்தார் நல்லகாமன். சுத்தமாக இருந்தது. ஒரு சூட்டுத் தழும்புகூட இல்லாத, தெருப்புழுதி படிந்த சின்னக் கால்.

நோட்டில் பூஜ்யம் போட்டார். வாசலைத் தாண்டினார். திரும்பி வந்தார்.

"அக்கா, இனிமே தண்ணியை வேட்டித்துணி மடிச்சு வடிகட்டிக் குடிங்க. மூணு பேரும். ஒரு மடக்குக்கூட அப்படியே குடிக்கக் கூடாது."

"எதுக்குடா?"

"கேக்காத. யாருட்டயும் சொல்லாத. கேட்டா நேர்த்திக்கடன்னு சொல்லு."

அன்னக்கொடி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "சிலந்திக்கா?"

அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அப்ப மத்தவுகளுக்கு?"

"நாலு வருசம்க்கா. பெறகு ஊருக்கே கிணறு கட்டித் தாராக."

அன்னக்கொடி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் என் தாயாரிடம் சொன்னாளாம். அன்று சாயந்தரமே குடத்து வாயில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். நேர்த்திக்கடனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்த பங்குனி. ஆவரங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் பதினாலாக இருந்த எண்ணிக்கை மூன்றாகக் குறைந்திருந்தது. நெடுங்கரட்டுப் பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். பதினாறு பேருக்குப் புழு. அதில் முத்திருளன் ஒருவன். பத்து வயசு. விதவை ரெங்கம்மாளுக்கு ஒரே பிள்ளை. இடது முழங்காலுக்குள் புழு சுருண்டு, மூட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

நல்லகாமன் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். புழுவின் தலை ஓர் அங்குலம் வெளியே வந்து, வேப்பங்குச்சியில் சுற்றிக் கட்டியிருந்தது. 'இடது முழங்கால், ஒன்று' என்று எழுதினார்.

ரெங்கம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "ஏந் தம்பி, இது எதுனால வருது? அவனவன் சாமி குத்தங்கறான், வெயில்ல நடந்ததுங்கறான். நீ டாக்டரு கூட இருக்கவன். உனக்குத் தெரியும்ல."

"தெரியலக்கா" என்றார் நல்லகாமன்.

அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லிவிட்டு மரக்கடைக்குள் எழுந்துபோய்விட்டார்.

"வலி தாங்கல அவனுக்கு. இழுத்து எடுத்துரவா?"

"இழுக்காதீக. அறுந்துரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சுத்தணும்" என்றார். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைச் சொல்ல டாக்டர் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துப் பையன் விடிய விடியக் கத்தியபோது, ரெங்கம்மாள் குச்சியைப் பிடித்து இழுத்துவிட்டாள். புழு உள்ளே அறுந்தது. மூட்டில் சீழ் வைத்து, தொடை வரைக்கும் கறுத்து, ஆறாம் நாள் முத்திருளன் செத்துப்போனான்.

நல்லகாமன் அடக்கத்துக்குப் போய்விட்டு, குளித்த ஈரத்தோடு மதுரைக்குப் பஸ் ஏறினார். டாக்டர் வீட்டில் அவர் ஒரு நாளும் உட்காராத நாற்காலியில் அன்றைக்கு உட்கார்ந்தார்.

"ஒரு பிள்ளை போயிருச்சு சார். இதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது."

டாக்டருக்கும் முகம் வாடிவிட்டது. "வருத்தம்தான். ஆனால் இப்போது சொன்னால் அந்தப் பையன் செத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். இரண்டு வருஷப் பட்டியலும் குப்பை. இன்னும் இரண்டு வருஷம்."

"இன்னும் எம்புட்டுப் பிள்ளைக சார்?"

டாக்டர் பட்டியலை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினார். மறுவாரம் அவரே நெடுங்கரட்டுக்கு வந்து எண்ணிக்கையைச் சரிபார்த்தார். இருபத்தேழாம் வீட்டில் குடத்தைப் பார்த்தார். துணியைத் தொட்டுப் பார்த்தார். அன்னக்கொடி நேர்த்திக்கடன் என்றாள். திரும்பும் வழியில், ஊர் எல்லை தாண்டியதும், டாக்டர் காரை நிறுத்தி நல்லகாமனைக் கேட்டார்.

"உன் அக்கா வீடா?"

"ஆமா சார்."

"வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?"

"இல்ல சார்."

"நல்லது" என்றார் டாக்டர். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, இருபத்தேழாம் வரியை முழுசாக அடித்தார். "இந்த வீடு பட்டியலில் வேண்டாம்."

நல்லகாமன் வேலையை விடவில்லை. அப்போதாவது தான் மனுஷனாக நடந்திருக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். விட்டால் வேறொருவன் வந்து எண்ணுவான், எண்ணிக்கை நின்றுவிடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். நாற்பது ஊரையும் நினைத்துக்கொண்டாராம்.

அந்த ஆவணியில்தான் என் தாயாருக்குக் கல்யாணம். ஆவரங்குளத்துப் பெண், வயது பதினைந்து. நெடுங்கரட்டில் என் தகப்பனார் மொக்கைச்சாமியின் வீட்டில் விளக்கேற்றிய மறுநாள், பெண்கள் கூட்டமாக அவரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார்கள். படியில் இறங்கி ஒருத்தி செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். என் தாயார் சேலை முந்தானையைச் செம்பின் வாயில் மடித்துப் போட்டு, அதன் வழியாக உறிஞ்சிக் குடித்தார்.

"அங்க பாருடி, புதுப்பொண்ணும் நேர்த்திக்கடன் போட்டிருக்கா" என்று சிரித்தார்கள்.

"நேர்த்திக்கடன் இல்ல, சிலந்திப் பூச்சி வயித்துக்குள்ள போகாம இருக்க. எங்க ஊருல பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாக. எந் தம்பி வீட்டுல வந்து எல்லாருக்கும் சொன்னான். இப்ப எங்க தெருவுல யாருக்கும் சிலந்தி இல்ல."

"பள்ளிக்கூடத்துல யாரு சொன்னது?"

"உங்க ஊருக்காரருதான். நல்லகாமன் வாத்தியாரு."

என் தாயார் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஊர்க்காரரைப் புகழ்ந்தால் புது இடத்தில் நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்தார்.  மேல்படியில் அன்னக்கொடி துணி கட்டிய குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கம்மாள் தன் குடத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு மேலே ஏறிப்போனாள். அன்னக்கொடியின் முன்னால் நின்றாள்.

"யாருக்கு நேந்துக்கிட்ட?" என்று கேட்டாள்.

அன்னக்கொடி குடத்தை இறக்கி வைத்தாள். குடத்து வாயிலிருந்து துணி நழுவியது.

"எம் பிள்ளை செத்த அன்னைக்கும் இந்தத் துணியக் கட்டித்தான தண்ணி எடுத்த?"

மூன்றாம் நாள் மந்தைத் திடலில் ஊர் கூடியது. நல்லகாமனுக்கு ஆள் போனது. வராமல் இருந்திருக்கலாம். அக்காவும் மச்சானும் கூட்டத்தின் நடுவில் நிற்பதாகச் சொன்னதால் வந்தார். ஊர்ப் பெரியவர் விருமாண்டி, இரண்டு குதிகாலிலும் பழைய தழும்பு உள்ளவர், நிதானமாகக் கேட்டார்.

"தெரிஞ்சிருந்தும் சொல்லல. அப்படித்தான?"

"ஆமா பெரியப்பா."

"ஏன்?"

"டாக்டரு சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. ரெண்டு ஊரையும் ஒத்துப் பாக்கணும்னு."

"டாக்டரு எந்த ஊரு?"

"மதுரை."

"நீ எந்த ஊரு?"

நல்லகாமன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பூச்சி, குஞ்சு, ஒரு வருஷக் கணக்கு, வேட்டித்துணி, நாற்பது கிணறு. யாரும் குறுக்கிடாமல் கேட்டார்கள். அந்த ஊர் அவ்வளவு கவனமாக ஒரு பாடத்தைக் கேட்டது அதற்கு முன்னும் பின்னும் இல்லை என்று என் தாயார் சொல்வார். முடித்ததும் விருமாண்டி, இன்றிலிருந்து எல்லா வீட்டிலும் துணி கட்ட வேண்டும் என்றார். நல்லகாமன் இனி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். அதோடு முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ரெங்கம்மாள் எழுந்தாள். "எனக்கு ஒண்ணு வேணும். ரெண்டு வருசம் நாங்க குடிச்ச தண்ணியை இவுக வீட்டுல மூணு பேரும் ரெண்டு வருசம் குடிக்கணும். தெனமும் காலைல. கெணத்துல வச்சு. துணி இல்லாம. நான் பாக்கணும்."

விருமாண்டி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த வருஷம் புழு வராத வீடு ஊரில் பத்துக்கும் குறைவு. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சின்னப்பிள்ளையை விட்டுருங்க, நான் குடிக்கிறேன். அவ பங்கையும் சேத்து நானே குடிக்கிறேன்" என்றாள் அன்னக்கொடி.

"எம் பிள்ளை சின்னப்பிள்ளை இல்லையா?" என்றாள் ரெங்கம்மாள்.

மறுநாளிலிருந்து அது நடந்தது. ஊர் முழுவதும் வெள்ளைத் துணி கட்டிய குடங்கள் கிணற்றுக்கு வந்துபோயின. அடிப்படியில் மூன்று பேர் மட்டும் கையால் அள்ளிக் குடித்தார்கள். முதலில் பேயாண்டி, பிறகு அன்னக்கொடி, கடைசியில் அழகம்மாள். ரெங்கம்மாள் மேல்படியில் உட்கார்ந்து பார்ப்பாள். திட்ட மாட்டாள், சாபம் விட மாட்டாள். குழந்தை வாயைக் கொப்பளித்துத் துப்பினால் மட்டும், "இன்னொரு கை" என்பாள். மழைநாளில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காய்ச்சலோடும் வந்தாள்.

நல்லகாமன் எல்லைக் கல்லுக்கு வெளியே வந்து நின்று, ஆள் அனுப்பி மச்சானைக் கூப்பிட்டார். குடும்பத்தோடு மதுரைக்கு வந்துவிடச் சொன்னார். பேயாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெலத்தை விட்டுட்டு ஓடி வந்து ஒங்கூட ஒக்காரவா? நீ சொல்லாம இருந்திருந்தா நாங்களும் ஊரோட ஊரா இருந்திருப்போம் மாப்ள. எங்களைத் தனியாக்கினது நீதான்."

போலீஸில் சொல்லிப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னதற்கு எந்தக் கேஸ் எழுதுவது என்று ஏட்டு கேட்டார். கடைசியாக டாக்டரிடம் போனார். டாக்டர் முதலில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெடுங்கரடு வடிகட்ட ஆரம்பித்துவிட்டது, ஒத்துப்பார்க்க ஊர் இல்லாமல் போயிற்று. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஒரு வீட்டில் மட்டும் வடிகட்டுவதில்லை என்றா சொன்னாய்?"

"ஆமா சார். நீங்க வந்து பேசினா ஊரு கேக்கும். நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

டாக்டர் நோட்டைப் பிரித்தார். இருபத்தேழாம் வரியின் மேல் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். ரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "நான் வந்து பேசுகிறேன்" என்றார், தேய்த்துக்கொண்டே. "ஆனால் அடுத்த வருஷம் கோடை கழியட்டும்."

நல்லகாமன் நாற்காலியிலிருந்து எழுந்தார். பென்சிலையும் மிச்சமிருந்த துணிக்கட்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். அதன்பிறகு டாக்டரை அவர் பார்க்கவில்லை; டாக்டர் ஊருக்கு வந்து பேசவும் இல்லை.

1934 கோடையில் கிணறு வற்றி, அடிப்படியில் முழங்கால் அளவு கலங்கல் நின்றது. முந்தின வருஷம் குடித்த தண்ணீரின் புழுக்கள் ஊர்க்காரர்களின் காலில் வெளியே வந்துகொண்டிருந்தன. எரிச்சல் தாங்காமல் அவர்கள் அந்தக் கலங்கலில்தான் காலை வைத்தார்கள். பிறகு மேலே ஏறிப்போய் வடிகட்டிக் குடித்தார்கள். அழகம்மாள் அதை அப்படியே குடித்தாள்.

மறு வருஷம் பங்குனியில் ஊரில் அநேகமாக யாருக்கும் சிலந்தி இல்லை. புதிதாக வந்த குமாஸ்தா வீடு வீடாகப் போய்ப் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டு வந்தான். இருபத்தேழாம் வீட்டில் நின்று எழுதினான். பேயாண்டிக்கு வலது கணுக்காலில் ஒன்று. அழகம்மாளுக்குப் பாதத்தில் இரண்டு, வலது முழங்காலில் ஒன்று. அன்னக்கொடிக்கு எதுவும் இல்லை. அது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எல்லோருக்கும் முன்னால் தன் கால்களைத் தானே செருப்பால் அடித்துக்கொண்டாள்.

அழகம்மாளின் முழங்கால் கொப்புளம் உடைந்த அன்று ரெங்கம்மாள் அந்த வீட்டுக்குள் வந்தாள். தன்னைக் கேலி செய்ய வந்திருக்கிறாள் என்று அன்னக்கொடி நினைத்தாள். ரெங்கம்மாள் பிள்ளையின் முழங்காலைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சீவி வைத்த வேப்பங்குச்சியை எடுத்தாள்.

"இழுக்கக் கூடாது. நான் இழுத்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து நாற்பத்திரண்டு நாள் வந்தாள். தினமும் விரற்கடை அளவு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, புழு தளர்ந்து கொடுக்கும் அளவுக்கு மட்டும் குச்சியில் சுற்றுவாள். பிள்ளை கதறினால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. அன்னக்கொடி கொடுத்த கஞ்சியைத் தொட்டதில்லை. அன்னக்கொடி ஒருநாள் அவள் காலில் விழுந்தாள். ரெங்கம்மாள் காலை இழுத்துக்கொண்டு, "தள்ளி உக்காரு, வெளிச்சம் மறைக்குது" என்றாள்.

மூன்று புழுவும் அறுபடாமல் வந்தன. பிள்ளை பிழைத்தாள். ஆனால் முழங்கால் மூட்டு உள்ளே இறுகிவிட்டது. அந்தக் கால் அதன்பிறகு மடங்கவில்லை. பத்து வயதான அழகம்மாள் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்று படித்தாள், கொஞ்சநாள். பிறகு நின்றுவிட்டாள். காலையில் கிணற்றுக்கு வர வேண்டாம் என்று விருமாண்டி சொல்லி அனுப்பினார். இரண்டு வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. ரெங்கம்மாள் அதை மறுக்கவில்லை. அவளும் கிணற்றடியில் உட்காருவதை விட்டுவிட்டாள்.

டாக்டர் லூர்துராஜின் அறிக்கை 1936-ல் அச்சாகி வந்தது. ஒரு பிரதி நல்லகாமனுக்கும் தபாலில் வந்தது. முன்னுரையில் அவருடைய நேர்மையான கணக்கெடுப்புக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நெடுங்கரட்டைப் பற்றி நான்கு பக்கம். பள்ளிக்கூடத்தின் மூலம் சொல்லப்பட்ட விஷயம் கல்யாண உறவின் வழியாக அடுத்த ஊருக்கே பரவியது என்றும், வடிகட்டாத ஒரே வீட்டில் மட்டும் மூன்று பேரில் இருவருக்கு நோய் கண்டது என்றும், இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தது. அந்த வீட்டார் ஏன் வடிகட்டவில்லை என்பது எழுதவில்லை. டாக்டர் சொன்னபடியே நடந்தது. அடுத்த மூன்று வருஷத்தில் நாற்பத்து மூன்று ஊர்க் கிணறுகளில் படியை மூடி, சுவர் எழுப்பி, தண்ணீர் இறைக்கச் சகடை மாட்டினார்கள். நெடுங்கரடுதான் முதலில். என் காலில் சிலந்தி வந்ததில்லை. என் வயதுக்காரர்கள் யாருக்கும் வந்ததில்லை.

நல்லகாமனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. ஊருக்குள் வரலாம் என்று 1940-ல் சொல்லி அனுப்பினார்கள், அவர் போகவில்லை. அன்னக்கொடி பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தம்பியைப் பார்க்கவில்லை. பேயாண்டி இறந்தபிறகு, 1946 கோடையில், ஏதோ ஆஸ்பத்திரி விஷயமாக மகளோடு மதுரைக்கு வந்தவள் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அழகம்மாள் வரவில்லை. இருபத்தொரு வயதாகியும் கல்யாணமாகாத பெண், வெளியே தெருவில், கால் ஒன்றை நீட்டியபடி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவும் தம்பியும் மழையைப் பற்றி, பேயாண்டியின் சாவைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அன்னக்கொடி சொன்னாள். "ரெங்கம்மா போயிட்டா, தையில. கடைசியா நாந்தான் அவளுக்குத் தண்ணி ஊத்துனேன்."

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"நீ அன்னைக்கு எங்கிட்ட வந்து சொன்னப்ப, நான் தெருவுல நின்னு கத்தியிருக்கணும்னு சொன்னா. நானும் அதைத்தான் நெனைக்கிறேன். உன்னை அப்பயே வேலையை விட்டுத் தூக்கியிருப்பாக. அம்புட்டுத்தான் ஆயிருக்கும்."

நல்லகாமன் எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். அழகம்மாள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். செம்பை வாங்கவில்லை.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டாள்.

"குழாத் தண்ணி. வடிகட்டியிருக்கேன்."

அவள் செம்பை வாங்கி, உள்ளே குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, வெறும் செம்பை அவர் கையில் கொடுத்தாள். கல்லைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். அன்னக்கொடி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.